கடைசி ஆளுக்குப் பின்னால்

பின்னாடி வராதீங்க தம்பி. பக்கத்துல வாங்க. ரெண்டு பேருக்கு வழி தாராளமா இருக்குது. உங்க வேலை எனக்குத் தெரியும்ங்க. ஓட்டத்துல கடைசி ஆளுக்குப் பின்னாடி வரோணும், மரத்துல கட்டியிருக்கற ரிப்பனை ஒண்ணொண்ணா அவுத்துப் பையில போட்டுக்கோணும், காட்டுக்குள்ள யாரும் தங்கிடலைன்னு பாத்துக்கோணும். ஸ்வீப்பர்னு ஒரு பேரும் வெச்சிருக்கறாங்க. நானும் ஒரு தடவை அந்த வேலை பாத்தவன்தான். அதனாலதான் சொல்றேன். பின்னாடி காலடி கேட்டா எனக்கு நடையே வராது.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கோயமுத்தூர் கணபதியில மோட்டாருக்கு காயில் கட்டற பட்டறை. வயசு அம்பத்தெட்டு. இன்னும் எவ்வளவு தூரம்? ரெண்டு கிலோமீட்டரா? மணி பத்து பத்து. பதினோரு மணிக்குள்ள முடிவுக் கோட்டைத் தாண்டிட்டா மெடல். நடந்தே தாண்டிரலாம்ங்க, அது பிரச்சினை இல்ல.

கோட்டுல ஒரு பொண்ணு நிக்கும், அதுதான் பிரச்சினை. பிரதீபான்னு பேரு. கடைசியா வர்ற ஆளுக்கு அதுதான் மெடல் போடும். அதோட மூஞ்சியைப் பாக்க முடியாம ரெண்டு வருஷமா கடைசித் தண்ணிப் பாயிண்ட்டுலயே கால் புடிச்சுக்கிச்சுன்னு பொய் சொல்லி, ஜீப்புல ஏறி அந்தப் பக்கமாவே எறங்கி ஊடு போய்ச் சேந்துட்டேன். இந்த வருஷம் ஏறலை. பாத்தீங்கல்ல, டிரைவர் கதவையே தொறந்து வெச்சாரு. ஏறலை. அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லோணும்ங்க. சொல்லுவனா, அங்க போயும் வாயை மூடிக்குவனான்னு எனக்கே தெரியலை.

அந்த ரிப்பனை இப்ப அவுக்காதீங்க. நாம தாண்டினப்பறம் அவுங்க. தாண்டறதுக்கு முன்னாடி கை வெக்காதீங்க தம்பி, கையைக் காலைப் புடிச்சுக் கேட்டுக்கறேன். ஆமா, சிரிங்க. கெழவனுக்குக் கிறுக்குன்னு நினைச்சுக்கோங்க.

ஒரு காலத்துல நான் நெம்ப வேகம்ங்க. இருவத்தொரு கிலோமீட்டரை ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிச்சவன். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல் பிரிவுல கோயமுத்தூர்ல எங்க ஓட்டம் நடந்தாலும் முதல் மூணு பேர்ல நான் இருப்பேன். திமிரு எவ்வளவு இருந்துருக்கும்னு பாத்துக்கோங்க. மெதுவா ஓடறவங்களைப் பாத்தா, இவிங்க எதுக்கு ஊட்ல இட்டிலி தின்னுட்டு இருக்காம இங்க வந்து வழியை அடைக்கிறாங்கன்னு தோணும். வாய்விட்டே சொல்லியிருக்கறேன்.

அப்பறம் நாலு வருஷம் ஓட்டத்தையே விட்டுட்டேன். ஏன்னு சொல்றேன், அவசரப்படாதீங்க. நாலு வருஷத்துல தொப்பை வந்துச்சு, சக்கரை வந்துச்சு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "நீங்கதான அந்த ஓடற நாச்சிமுத்து? ஓடுங்க மறுபடி, இல்லீன்னா மாத்திரையை எண்ணிக்கிட்டே காலத்தை ஓட்டுங்க"ன்னுட்டாரு. பரண்ல கெடந்த ஷூவை எறக்கினேன். பாக்கறதுக்குப் புதுசாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது கிலோமீட்டர்ல ஒரு கால்ல அடி அட்டை தனியா ஆவுன்னு வாயைத் தொறந்துக்கிச்சு. அடுத்த கால்ல பசை உட்டு, அட்டை பாதி ரோட்டுலயே நின்னுக்கிச்சு. வெறுங்கால்ல ஊடு வந்து சேந்தேன். ஊட்ல சிரிச்சாங்க. "ஷூவுக்கே உங்களைப் புடிக்கலீங்க"ன்னாங்க. நல்லவேளை, அவிங்களாவது சிரிச்சாங்க.

புது ஷூ வாங்கினேன். காலையில அஞ்சரைக்கு சத்தி ரோட்டுல ஆரம்பிச்சேன். நூறடி ஓட்டம், இருநூறடி நடை. மூச்சு வாங்குது, தொடை எரியுது, அதெல்லாம் பழகிடும்ங்க. உடம்பு மறக்காது. ஒரு மாசத்துல மூணு கிலோமீட்டர், மூணாவது மாசம் அஞ்சுன்னு ஏறிட்டேன்.

அப்பத்தான் பின்னாடி காலடி கேக்க ஆரம்பிச்சுது.

யாரோ வர்றாங்க, வழி உடலாம்னு ஓரம் ஒதுங்குவேன். யாரும் தாண்ட மாட்டாங்க. நான் நின்னா நின்னுக்கும். மறுபடி நடந்தா வரும். ஆம்பளைக் காலடி இல்லீங்க. மெதுவா, கொஞ்சம் இழுத்து வெக்கற அடி. கூடவே சுடிதார் துணி உரசற சத்தம். திரும்பிப் பாத்தா ரோடு காலியாக் கெடக்கும், நாய் ஒண்ணு படுத்திருக்கும். காது டாக்டர்கிட்டக் காட்டினேன். அழுக்கு எடுத்து உட்டாரு. அடுத்த நாள் இன்னும் தெளிவாக் கேட்டுச்சு.

குழுவுல சேந்து ஓடினாக் கேக்காதுன்னு பசங்களோட சேந்தேன். அதுலயும் ஒரு வினை. என்ற பின்னாடி யாராவது ஓடினா எனக்குக் கால் வராது. கடைசியாளா இருந்தாத்தான் நிம்மதி. முட்டித் தேய்மானம், அதான் மெதுவாப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். பசங்க, "அண்ணா, எருமைக்கூட்டம் உங்களைத் தாண்டிப் போயிருச்சுங்க"ன்னு ஓட்டுவாங்க. ஓட்டட்டும். முட்டியும் கொஞ்சம் தேஞ்சுதான் இருக்குது.

தண்ணி குடிக்கறீங்களா? இந்தாங்க. நானும் ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி, இதே மலை, இதே ஓட்டம். ஒரு வாரம் முன்னாடி கணுக்கால் பிசகிக்கிச்சு. ஓட முடியாது. நடத்தறவங்க, "நாச்சிமுத்தண்ணா, வந்ததும் வந்தீங்க, ஸ்வீப்பரா இருங்க"ன்னாங்க. எனக்குப் புடிக்கலை. பந்தயத்துல ஓடின குதிரையை வண்டியில பூட்டின மாதிரி இருந்துச்சு. மாட்டேன்னு சொல்ல வாய் வரலை.

கடைசி ஆளு சாந்தாமணின்னு ஒரு அம்மா. அன்னூர்ப் பக்கம், அங்கன்வாடி டீச்சர். நாப்பத்தாறு வயசு. மகதான் பேர் குடுத்து இழுத்துட்டு வந்திருந்துச்சு. சுடிதாரு, துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டியிருந்தாங்க. ஓட்டம்னே சொல்ல முடியாது, நடைதான். ஆனா நிக்கலைங்க. பத்தடிக்கு ஒருக்கா, "என்னால உங்களுக்குத்தான் சிரமம்ண்ணா"ன்னு சொல்லுவாங்க. சிரமம் இல்லீங்கம்மான்னு நானும் சொல்லுவேன். மனசுக்குள்ள திட்டிக்கிட்டே சொல்லுவேன். கீழ என்ற வயசுக்காரங்களுக்குப் பரிசு குடுத்துட்டு இருப்பாங்க, யாரு வாங்கறாங்கன்னு பாக்க முடியலையேன்னு எரிச்சல்.

தண்ணிப் பாயிண்ட்டைத் தாண்டி ஒரு கிலோமீட்டர். அங்க வழி ரெண்டாப் பிரியும். இடது பக்கம் இந்த வழி, கோட்டுக்கு எறங்கும். வலது பக்கம் மாட்டுத்தடம், பள்ளத்துக்குப் போகும். தண்ணி இல்லாத பள்ளம், வெறும் பாறை. பிரியற எடத்துல மூணு ரிப்பன். வேங்கை மரத்துல ஒண்ணு, இடது வழி வாசல்ல ஒண்ணு, பத்தடி உள்ள ஒண்ணு. அங்க வந்ததும் அந்தம்மா நின்னாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நீங்க முன்னாடி போங்கண்ணா, நான் பொறகால வந்துர்றேன்"னாங்க.

ஏன்னு சொல்லலை. நான் ஏழு வருஷமா இதைத்தான் கேக்கறேன் தம்பி. ஏன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? வாய் இருந்தா வங்காளம் போலாம்னு சொல்றாங்க. நாக்குல என்ன புண்ணா? ஸ்வீப்பரை முன்னாடி போகச் சொல்றது முறையா? சொல்லுங்க.

போனேன். நடந்தனா, கை தானாப் போச்சு. காலையில இருந்து நூறு ரிப்பன் அவுத்த கை. மரத்தைப் பாத்தா ரிப்பன், ரிப்பனைப் பாத்தா இழுப்பு, பையில போடு. அந்த மூணையும் அவுத்துட்டுத்தான் போனேன். கை பண்ணுச்சு. நான் பண்ணலை.

கீழ ஒரு பாறையில உக்காந்து காத்திருந்தேன். பத்து நிமிஷம். வரலை. முட்டி வலிக்குதுன்னு காலையில சொல்லிட்டு இருந்தாங்க, அதனால திரும்பித் தண்ணிப் பாயிண்ட்டுக்கே போய் ஜீப்புல ஏறிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். நியாயமான நினைப்புதானுங்க? நீங்களா இருந்தாலும் அதைத்தான் நினைச்சிருப்பீங்க.

எறங்கி வர்றப்ப விசில் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவை. மேல மலை ரோட்டுல பஸ் போகுமில்ல, வளைவுல திருப்பறப்ப கண்டக்டர் ஊதுவாரே, அதுன்னு நினைச்சேன். ஓட்டக்காரங்க எல்லார் கழுத்துலயும் ஆபத்துக்கு ஊதறதுக்குன்னு விசில் ஒண்ணு தொங்குதுன்னு எனக்குத் தெரியாதா? என்ற கழுத்துலயே ஒண்ணு தொங்குச்சு. கண்டக்டர்னுதான் நினைச்சேன். இப்ப டவுன் பஸ்ஸுல போறதில்லீங்க. விசில் அடிச்சா நடு வழியில எறங்கிடறேன். ஊட்ல ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்துட்டாங்க.

கோட்டுக்கு வந்தேன். கடைசி ரன்னர் எங்கன்னு கேட்டாங்க. "முடியலைன்னு திரும்பித் தண்ணிப் பாயிண்ட்டுக்குப் போயிட்டாங்க"ன்னேன். போயிருப்பாங்கன்னு சொல்லலை. போயிட்டாங்கன்னு சொன்னேன். அங்கயே அந்தப் பொண்ணு நின்னுட்டு இருந்துச்சு, பதினேழு வயசு. அம்மாவுக்குன்னு தூக்குச்சட்டியில தக்காளிச் சோறு வெச்சுக்கிட்டு நின்னுச்சு. "எங்கம்மா பாதியில உட மாட்டாங்களே அங்கிள்"னு சொல்லுச்சு. "நான்தான கூட இருந்தேன் அம்மிணி, விட்டுட்டாங்க, ஜீப்புல வருவாங்க"ன்னேன். திரும்பவும் கேட்டுச்சு. திரும்பவும் அதையே சொன்னேன். சொல்லிட்டுப் போய் சாப்பிட உக்காந்தேன்.

ஒரு மணிக்கு ஜீப் வந்துச்சு. அதுல அந்தம்மா இல்ல.

தேடினோம்ங்க. நாப்பது பேர். எங்க தேடினோம்? தண்ணிப் பாயிண்ட்டுக்கு மேல. ஏன்னா அந்தம்மா திரும்பி மேல போனாங்கன்னு நான்தான சொன்னேன். பள்ளத்துப் பக்கம் ஒருத்தரும் போகலை. நானும் கத்திக் கத்தித் தேடினேன், தொண்டை கட்டிப் போச்சு. நாச்சிமுத்தண்ணன் மாதிரி யாரும் அலையலைன்னு எல்லாரும் சொன்னாங்க.

அடுத்த நாள் காலையில மாடு மேய்க்கறவங்க கண்டாங்க. பள்ளத்துல. பாறையில உழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்துச்சு. விடியக்காலம் வரைக்கும் உசுர் இருந்திருக்கோணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. விசில் கையிலதான் இருந்துச்சு.

நில்லுங்க தம்பி. சித்த நில்லுங்க. உங்களுக்குக் கேக்குதா? இல்லியா? சரி, நடங்க.

இதுவரைக்கும் என்ற ஊட்ல கூடத் தெரியாது. உங்ககிட்டத்தான் சொல்றேன். நீங்களும் ரிப்பன் பையோட வந்தீங்களா, வாய் வந்துருச்சு.

இன்னும் ஒண்ணு இருக்குது. அன்னைக்கு சாயந்தரம் தேடறப்ப, அந்த வழி பிரியற எடத்துல நான் மட்டும் தனியா நின்னேன். பையில இருந்து மூணு ரிப்பனை எடுத்து, இருந்த எடத்துலயே திரும்பக் கட்டினேன். தேடறவங்களுக்கு வழி தெரியட்டும்னுதான். இருட்டிட்டு வந்துச்சுல்ல. அதுக்குத்தான் கட்டினேன்.

அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அடுத்த நாள் போலீஸ் வந்து போட்டோ எடுத்தாங்க. ரிப்பன் இருக்குது. இடது பக்கம் ரெண்டு ரிப்பன் பளிச்சுன்னு தொங்குது. அந்தம்மா கவனிக்காம வலது பக்கம் போயிருக்கறாங்கன்னு எழுதி முடிச்சாங்க. என்னை யாரும் ஒரு கேள்வி கேக்கலை. நடத்தறவங்களைக் கூட யாரும் குத்தம் சொல்லலை. விதின்னு போயிருச்சு.

உங்களைப் பாத்தா நீங்க என்னமோ கணக்குப் போடற மாதிரித் தெரியுது. போடுங்க. பத்து நிமிஷம் காத்திருந்தேன்னு சொன்னேன்ல? வாட்ச்சுல பதிவு இருக்குதுங்க. நான் எங்க நின்னேன், எத்தனை நேரம் நின்னேன், எல்லாம் போன்ல ஏறியிருக்குது. நான் அழிக்கலை. நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்ட். ராத்திரி தூக்கம் வரலைன்னா எடுத்துப் பாப்பேன், ஒரு தடவையாவது பத்துன்னு காட்டாதான்னு. நாலு பன்னெண்டுதான் காட்டுது.

அப்பறம், அந்தம்மா ஏன்னு சொல்லலைன்னு சொன்னேன்ல. புரிஞ்சுதுங்க. புரியாம என்ன? பொம்பளை ஒருத்தி காட்டுக்குள்ள அந்நிய ஆம்பளைகிட்ட, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, முன்னாடி போங்கன்னா எதுக்குன்னு மூணு பொண்ணுகளோட பொறந்தவனுக்குப் புரியாதா? புரிஞ்சுதான் வேகமா நடந்தேன். எனக்கும் கூச்சம். அதுக்கப்பறம் திரும்பிப் போய்ப் பாக்கவும் கூச்சம். என்னம்மா ஆச்சுன்னு சத்தம் போட்டுக் கூப்பிடக் கூச்சம். கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்.

இப்பவும் பின்னாடிதான் வர்றாங்க. முன்னாடி போங்கண்ணான்னு சொன்னவங்கல்ல, அதனால அவிங்க தாண்டவே மாட்டாங்க.

பயப்படாதீங்க தம்பி. நான் நல்ல புத்தியோடதான் இருக்கறேன். ஓட்டத்தை நாலு வருஷம் விட்டேன், பட்டறைக்குள்ளயே கெடந்தேன், அப்பெல்லாம் காலடி எதுவும் கேக்கலை. ஓட ஆரம்பிச்சதும்தான் வந்துச்சு. நின்னுட்டாப் போயிரும். ஓட்டத்தை நிறுத்திட்டு மாத்திரையைத் தின்னுட்டு இருந்துடலாம். நாலஞ்சு தடவை அப்படி முடிவும் பண்ணினேன். அடுத்த நாள் அஞ்சரைக்குக் கால் தானா ஷூவைத் தேடுது. அவிங்க அங்க ரோட்டுல நிப்பாங்க, நான் வரலைன்னா யாரு கூட வருவாங்கன்னு தோணிடுது.

போன வருஷம் பொறுக்க முடியாமப் போச்சு. பேரு குடுத்துட்டு, ஓட்டத்துக்கு முந்தின நாள் நெஞ்சுல குத்தற நம்பர் வாங்கப் போனேன். அந்தப் பொண்ணுதான் மேஜையில உக்காந்து நம்பர் குடுத்துட்டு இருந்துச்சு. இப்ப இருவத்தி நாலு வயசு. அம்மா செத்த ஓட்டத்துக்கே வருஷா வருஷம் வந்து கடைசி ஆளு வர்ற வரைக்கும் நிக்குதுன்னா, அந்தப் புள்ளையோட மனசு என்னன்னு பாத்துக்கோங்க. என்னைத் தெரிஞ்சுக்கிச்சு. "அங்கிள், நீங்க அன்னைக்கு நெம்ப அலைஞ்சீங்க"ன்னு கையைப் புடிச்சுக்கிச்சு. கையை உருவிக்கலாம்னு பாத்தேன், உடலை.

எனக்கு முன்னாடி நின்ன ஒரு அம்மா மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாங்க. ஓடறப்ப வேர்வையில மங்கும், கழட்டி வெச்சுட்டு ஓடட்டுமான்னு சும்மா கேட்டாங்க. அந்தப் பொண்ணு எந்திரிச்சே நின்னுருச்சு. "கழட்டாதீங்கம்மா. கயிறு கட்டியாவது போட்டுக்கோங்க"ன்னு சொல்லுச்சு. அவிங்க போனப்பறம் என்றகிட்ட மெதுவாச் சொல்லுச்சு. "எங்கம்மாவுக்குத் தூரப் பார்வை சரியில்ல அங்கிள். கண்ணாடி வேண்டாம்மா, வேர்வையில மங்கும், குடுத்துட்டுப் போன்னு நான்தான் வாங்கி வெச்சுக்கிட்டேன். கண்ணாடி போட்டிருந்தா ரிப்பன் தெரிஞ்சிருக்கும். நான்தான் அங்கிள் எங்கம்மாவைக் கொன்னுட்டேன்."

பதினேழு வயசுல இருந்து அந்தப் புள்ளை அதைச் சுமந்துக்கிட்டு இருக்குது தம்பி. நான் அங்கயே சொல்லியிருக்கோணும். நின்ன எடத்துலயே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விதி அம்மிணி, உன்ற தப்பு இல்ல"ன்னேன். நம்பர் வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அடுத்த நாள் ஜீப்புல ஏறிட்டேன்.

இந்த ஒரு வருஷமும் இதுக்குத்தான் ஓடியிருக்கறேன். சக்கரைக்குன்னு சொன்னேன்ல, சக்கரையும்தான். ஆனா நடந்து வந்து அந்தக் கோட்டுல நின்னு, அதோட மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லோணும். போன்ல சொல்லலாம். நம்பர் இருக்குது. நாலு தடவை கூப்பிட்டு, அலோங்கறப்ப கட் பண்ணியிருக்கறேன். லெட்டர் எழுதிக் கிழிச்சிருக்கறேன். அவிங்கம்மா நடந்த வழியில நடந்து வந்தாலாவது வாய் வருமான்னு பாக்கறேன்.

மணி என்ன? பத்து அம்பதா? கூட்டத்துச் சத்தம் கேக்குது. மைக்குல என்ற பேரைச் சொல்றாங்களா? ஆமா. நாச்சிமுத்து ஒருத்தர்தான் பாக்கின்னு சொல்றாங்க.

தம்பி, ஒரு உதவி பண்ணுங்களே. நீங்க முன்னாடி ஓடிப் போய், அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னதை அப்படியே. நான் இங்க இந்தக் கல்லுல உக்காந்துக்கறேன். ஏன், மாட்டீங்களா? ஸ்வீப்பர் முன்னாடி போகக் கூடாதா?

ஆமாங்க. போகக் கூடாது. நீங்க சொல்றது சரிதான்.

அங்க பாருங்க, யாரோ மேல ஏறி வர்றாங்க. மஞ்சள் டீ சர்ட். கையில தண்ணி பாட்டில். அதுதான். இருக்கற எடத்துல இருக்காம எதுக்கு இங்க வருது? கடைசி ஆளு வரலைன்னா அது நிக்காதுங்க, தேடிட்டு வந்துரும். கோட்டுக்கு இன்னும் முன்னூறு அடி இருக்குதே. அங்க போய்ச் சொல்லலாம்னு நினைச்சேனே.

தம்பி, நீங்க போயிராதீங்க. பக்கத்துலயே நில்லுங்க.

வா அம்மிணி. நல்லாத்தான் இருக்கறேன், காலு ஒண்ணும் இல்ல. தண்ணி அப்பறம் குடிக்கறேன். நில்லு. உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

இல்ல. அது இல்ல.

உங்கம்மா பாதியில விடலை அம்மிணி. கண்ணாடி இருந்தாலும் இல்லீன்னாலும் ஒண்ணுதான், அங்க பாக்கறதுக்கு ரிப்பனே இல்ல. அவிங்க வர்றதுக்கு முன்னாடியே நான் அவுத்துட்டேன். போலீஸ் போட்டோவுல நீங்கெல்லாம் பாத்தீங்களே, அது சாயந்தரம் நான் திரும்பக் கட்டினது.